ஆணியைப் பற்றி அப்பா கேட்ட கேள்வி

என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மரத்தூண் நிற்கிறது. நான்கு பக்கமும் ஒரு அடிக்கு மேல் இருக்கும். சியாட்டில் நகரின் பயனியர் ஸ்கொயர் பகுதியில், 1890களில் எழும்பிய செங்கல் கட்டடம் அது. ஒரு காலத்தில் சரக்குக் கிடங்கு. இப்போது என்னைப் போன்றவர்கள் உட்கார்ந்து நாளெல்லாம் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருக்கிறோம். தூணில் மேலிருந்து கீழாக ஒரு நீள வெடிப்பு. என் அடையாள அட்டையைப் பாதி வரை அதற்குள் சொருகிவிடலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அதைப் பார்த்துப் பயந்துபோய், வேறு இடம் தரச் சொல்லிக் கேட்டேன். சிரித்தார்களே தவிர இடம் தரவில்லை.

2019 கோடையில் அப்பா வந்திருந்தார். செங்கோட்டையில் ஒரு சா மில்லில் முப்பத்தைந்து வருஷம் கணக்குப் பிள்ளையாக இருந்தவர். கணக்கு எழுதியவர்தான், ரம்பம் பிடித்தவரல்ல. ஆனால் ஆரியங்காவு வழியாக லாரியில் வந்து இறங்கிய ஒவ்வொரு தடிக்கும் சுற்றளவு பிடித்து, நீளம் பிடித்து, கன அடி போட்டது அவர் கைதான். தேக்கும் வேங்கையும் கோங்கும் போய், தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாட்டுத் தடிகள் வர ஆரம்பித்த காலம் வரை இருந்தார். வீட்டுக்கு வரும்போது சட்டைப் பையில் பணம் இருக்கிறதோ இல்லையோ, மரத்தூள் இருக்கும்.

அலுவலகத்தைச் சுற்றிக் காட்டக் கூட்டிப் போனேன். காபி மெஷினையோ ஜன்னலுக்கு வெளியே தெரிந்த கடலையோ அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே தூணிடம் போனார். நகத்தால் கீறினார், விரலை முகர்ந்தார், வெடிப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"முழுத் தடியை அப்படியே சதுரம் அடிச்சிருக்கான். நடுத்தண்டு உள்ளேயே கெடக்கு, அதான் காயக் காய வெடிச்சிருக்கு. ஒண்ணும் செய்யாதுட்டி, பயப்படாத."

மூன்று வருஷமாக இருந்த பயம் மூன்று நொடியில் போனது. அப்புறம் அவரே முணுமுணுத்தார்: "இந்தப் பருமனுக்கு மரம் இப்ப எங்க கெடைக்கு?"

கிடைக்காது. அந்தத் தூண் டக்ளஸ் ஃபர் என்ற ஊசியிலை மரம். மனிதர் கை படாத காட்டில் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் நின்ற மரம். இந்த ஊரே மரத்தில் பிறந்த ஊர். 1853இல் ஹென்றி யெஸ்லர் என்பவர் கடற்கரையில் நீராவி சா மில் போட்டார். மேட்டுக் காட்டில் வெட்டிய தடிகளைச் சரிவில் இழுத்து மில்லுக்குக் கொண்டுவந்த பாதைக்குத்தான் இன்று யெஸ்லர் வே என்று பெயர். வீடு மரம், கடை மரம், நடைபாதை மரம். 1889 ஜூன் 6 அன்று மேடிசன் தெரு முனையில் ஒரு தச்சுப் பட்டறையில் அடுப்பில் வைத்திருந்த பசைச் சட்டி பொங்கித் தீப்பிடித்தது. அங்கிருந்த ஆள் பதறிப்போய் அதில் தண்ணீரை ஊற்றினார். எரிகிற பசை தண்ணீரோடு சேர்ந்து தரையெல்லாம் ஓடியது. இருபத்தைந்து தெருக்கட்டங்களுக்கு மேல் சாம்பல். அதற்குப் பிறகு அந்தப் பகுதியில் மரச்சுவர் கூடாது, செங்கல்லும் கல்லும்தான் என்று நகரம் சட்டம் போட்டது. அதனால்தான் என் அலுவலகத்துக்கு வெளியே செங்கல். உள்ளே, தோலை மட்டும் மாற்றிக்கொண்டு, அதே காட்டு மரம்.

ஒரு சட்டிப் பசை எரித்த ஊரில், இன்று பசை போட்டு ஒட்டிய மரத்தில்தான் புது அலுவலகங்கள் எழும்புகின்றன. அதில் பேர் பெற்றது, அதே மேடிசன் தெருவில் மேடேறிப் போனால் வரும் புல்லிட் சென்டர். அப்போது வாரம் ஒரு நாள் பொதுமக்களைச் சுற்றிக் காட்டினார்கள். மர ஆளான அப்பாவுக்கு இதைவிட என்ன காட்டிவிடப் போகிறேன் என்று பெயர் கொடுத்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் முகம் விழுந்துவிட்டது. "மரக் கட்டடம்னு சொன்ன?" வெளியே சாம்பல் நிற உலோகத் தகடும் கண்ணாடியும்தான். உச்சியில் சூரியத் தகடுகள் சுவரைத் தாண்டி நாலாபக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். சின்னத் தலையில் பெரிய தொப்பி வைத்த மாதிரி ஒரு கோலம். கூரை மட்டத்துக்குள் அடங்கும் தகடுகள் போதாதாம். ஆறு மாடிக்கும் ஆண்டு முழுவதும் வேண்டிய மின்சாரம் அந்தக் கூரையிலிருந்தே வரவேண்டும் என்று சபதம் போட்டுக் கட்டியது. அதனால் நடைபாதைக்கு மேலும் நீண்டுவிட்டது. மொத்தம் 575 தகடுகள். மேகத்துக்குப் பேர்போன இந்த ஊரிலா என்று எல்லோரும் கேட்டார்கள். முதல் ஆண்டிலேயே செலவழித்ததைவிட ஏறக்குறைய 60 சதவீதம் கூடுதலாக உற்பத்தி செய்து காட்டியது. பெரும் பங்கு, தகடுகள் திறமையாக வேலை செய்ததால் அல்ல. கட்டடம் அவ்வளவு குறைவாகச் சாப்பிட்டதால்.

கட்டியவர்கள் புல்லிட் அறக்கட்டளை. அதன் தலைவராக இருந்த டெனிஸ் ஹேஸ், 1970இல் முதல் புவி நாளை அமெரிக்கா முழுவதும் ஒருங்கிணைத்தவர். 2013 ஏப்ரல் 22, புவி நாளன்றே திறந்தார்கள். வடிவமைத்தது மில்லர் ஹல் என்ற உள்ளூர் நிறுவனம். கீழ் இரண்டு தளம் கான்கிரீட், மேல் நான்கு தளம் மரம். வண்டி நிறுத்த இடமே கிடையாது, சைக்கிளுக்குத்தான் அறை. அடித்தளத்தில் 56,000 கேலன், நம் கணக்கில் இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் பிடிக்கும் மழைநீர்த் தொட்டி. பூமிக்குள் 400 அடி ஆழத்துக்கு 26 துளைகள் போட்டு, அதில் குழாய் இறக்கி, மண்ணின் வெதுவெதுப்பை எடுத்துத் தரைக்குள் ஓடும் குழாய்களுக்குக் கொடுக்கிறார்கள். இதை மொழிபெயர்த்தபோது அப்பா நின்றுவிட்டார்.

"நானூறு அடியில இருபத்தாறு போரு போட்டு, ஒரு கொடம் தண்ணி எடுக்கலயா?"

எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இருக்க முடியாது. சுற்றிக் காட்டிய பெண் என்ன கேட்கிறார் என்றார். நல்லா இருக்குன்னு சொல்றார் என்றேன்.

லிஃப்ட் இருக்கிறது, ஆனால் உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார்கள். வாசலுக்கு வந்ததும் கண்ணில் படுவது கண்ணாடிக் கூண்டுக்குள் ஏறும் மரப்படிக்கட்டு. ஏறத் தூண்டவே அப்படி. ஒவ்வொரு திருப்பத்திலும் நகரம் கொஞ்சம் கீழே போகும். அப்பாவுக்கு அப்போது எழுபத்தொன்று. மூன்றாம் தளத்தில் மூச்சு வாங்க நின்றவர், மூச்சு வாங்குவதை மறந்து அண்ணாந்து பார்த்தார்.

அங்கேதான் மரம் இருந்தது. தேன் நிறத்தில் தூண்கள், அவற்றின் மேல் உத்தரங்கள், மேலே மச்சு. பக்கத்தில் போய்த் தட்டினார். தூணின் பக்கவாட்டில் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு கோடு, நோட்டுப் புத்தகத்தின் விளிம்பைப் போல. "இது ஒரே மரம் இல்லையே. ஒட்டியிருக்கான்."

ஆமாம். முழுத் தூணுக்கு மரம் இல்லாத காலத்தின் விடை அதுதான். நாற்பது ஐம்பது வயது மரத்தைப் பலகையாக அறுத்து, நன்றாக உலர்த்தி, கண்ணும் கோணலும் உள்ள இடத்தைக் கழித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை போட்டு அழுத்தினால் எந்தப் பருமனுக்கும் உத்தரம் கிடைக்கும். ஒட்டுவதற்கு முன்பே உலர்ந்துவிடுவதால், என் மேசைத் தூணைப் போல வாய் பிளக்காது. ஒரு பலகையில் பழுது இருந்தாலும் பக்கத்துப் பலகை தாங்கிக்கொள்ளும். இன்று ஊரெல்லாம் பேசும் இன்னொரு வகை, பலகைகளை ஒரு அடுக்கு நெடுக்காகவும் அடுத்த அடுக்கு குறுக்காகவும் ஒட்டி, சுவர் அளவுக்கு ஒரே தகடாகச் செய்வது. பிளைவுட்டுக்குப் பெரியண்ணன். 1990களில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் உருவாகிப் பரவியது. புல்லிட் சென்டரின் தளத்தில் அது இல்லை.

அங்கே இருப்பது இன்னும் எளிமையானது. 'இரண்டுக்கு ஆறு' சட்டங்களைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, ஒன்றோடொன்று ஒட்டி வைத்து, ஆணி அடித்துக்கொண்டே போனால் அதுவே தளம். பழைய சென்னை வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் நினைவுக்கு வந்தது. தேக்குச் சட்டங்களின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்டு ஒரு தளத்தையே தூக்கி நிறுத்துவார்களே, அந்தப் புத்திதான் இது. சின்னத் துண்டைக் குத்தாக வைத்தால் அதற்குத் தனி முறுக்கு வந்துவிடுகிறது.

அப்பா கண்ணாலேயே அளந்துவிட்டார். "ரெண்டுக்கு ஆறுன்னு சொல்லுதா. இது ஒண்ணரைதான் இருக்கு. அரை இஞ்சி அடிக்கான்."

அமெரிக்கா முழுக்க அப்படித்தான். அறுக்கும்போது இரண்டு, உலர்த்தி இழைத்தபின் ஒன்றரை, பெயர் மட்டும் பழைய பெயர் என்று விளக்கினேன். முப்பத்தைந்து வருஷம் கன அடிக் கணக்கு எழுதியவரிடம் இது செல்லுபடியாகவில்லை. ஒரு நாடே அளவில் ஏமாற்றுகிறது என்ற முடிவோடுதான் ஊர் திரும்பினார்.

தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று கூட்டத்தில் இருந்த ஒருவர் கேட்டார். எல்லோரும் கேட்பது இதைத்தான். அப்பா கேட்கவில்லை. விறகடுப்பில் சமைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும்: சுள்ளி குப்பென்று பிடிக்கும், பருமனான கட்டையைப் பற்றவைக்க ஊதி ஊதிக் கண் சிவக்கும். பற்றினாலும் மேலே கரி படிந்து உள்ளே அப்படியே கிடக்கும். பொறியாளர்கள் இதற்கு எண் வைத்திருக்கிறார்கள். இந்த வகை மரம் நிமிடத்துக்குச் சுமார் 0.65 மில்லிமீட்டர் கரியும், அதாவது ஒரு மணி நேரத்துக்கு நான்கு சென்டிமீட்டர். எரிந்து போகட்டும் என்று அந்த அளவுக்குச் சுற்றிலும் கூடுதலாக வைத்துத்தான் உத்தரத்தின் பருமனைத் தீர்மானிக்கிறார்கள். இரும்பு எரியாதுதான். ஆனால் 550 டிகிரி செல்சியஸை எட்டும்போது ஏறக்குறைய பாதி வலுவை இழந்து தொய்யும். மரத்தில் உண்மையான சிக்கல் பசையில் இருந்தது. சில பசைகள் சூட்டில் இளகி, கரிந்த பலகை கழன்று விழ, உள்ளே இருக்கும் எரியாத பலகை மறுபடி புதிதாகத் தீப்பிடிப்பதைச் சோதனைகளில் கண்டார்கள். 2018இல் குறுக்கடுக்குத் தகடுகளுக்கான அமெரிக்கத் தரநிலையைத் திருத்தி, சூடு தாங்கும் பசை வேண்டும் என்றார்கள். 1889இன் பசைச் சட்டி ஞாபகம் வராமல் இருக்குமா!

இதற்குப் பிறகுதான் எல்லாம் உயரப் போட்டியாகிவிட்டது. அமெரிக்காவின் 2021 மாதிரிக் கட்டட விதிகள் பதினெட்டு மாடி வரை மரத்துக்கு இடம் கொடுத்தன. மில்வாக்கியில் 2022இல் கான்கிரீட் கீழ்த்தளங்களும் அவற்றின் மேல் மரத் தளங்களும் சேர்ந்து இருபத்தைந்து மாடி எழும்பியது. எனக்கு இதில் பெரிய சுவாரஸ்யம் இல்லை. எத்தனை மாடி என்பதைவிட எத்தனை வருஷம் என்பதுதான் மரக் கட்டடத்தின் கேள்வி என்று நினைக்கிறேன்.

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். மரம் வளர்ந்தபோது காற்றிலிருந்து எடுத்தது. அதை எரிக்காமல், மக்கவிடாமல் உத்தரமாக வைத்திருக்கும் வரை அது காற்றுக்குத் திரும்பாது. கான்கிரீட்டின் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் மரம். அதனால் அடித்தளமும் சிறிதாகப் போதும், நிலநடுக்கத்தில் கட்டடத்தின் மேல் வரும் விசையும் குறையும். எல்லாம் சரி. ஆனால் நாற்பது வருஷம் வளர்ந்த மரத்தை வெட்டிக் கட்டிய கட்டடத்தை முப்பது வருஷத்தில் இடித்துக் குப்பைமேட்டில் கொட்டினால் காட்டுக்குக் கடன்தான் மிஞ்சும். மரம் என்றாலே பசுமை என்று பளபளப்பான படங்களோடு விளம்பரம் செய்யும் கட்டுமானக்காரர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. எந்தக் காடு, எப்படி வெட்டினார்கள், மறுபடி என்ன நட்டார்கள் என்பதையும் சொல்வதில்லை. புல்லிட் சென்டர் மரம் முழுவதும், காட்டைப் பொறுப்போடு பேணுகிறார்கள் என்பதற்கான எஃப்எஸ்சி சான்று பெற்ற காடுகளிலிருந்து வந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது, அவர்கள் குறித்துக்கொண்ட ஆயுள்: 250 ஆண்டுகள்.

அந்த ஒரு எண்ணிலிருந்துதான் மற்றதெல்லாம் வருகிறது. 250 ஆண்டு நிற்க வேண்டும் என்றால் மரம் வெயில் மழையில் நிற்கக் கூடாது. அதனால்தான் வெளியே தகடு போர்த்தி அப்பாவை ஏமாற்றினார்கள். யாரும் இடிக்க நினைக்காத அளவுக்கு உள்ளே வெளிச்சம் வேண்டும். அதற்காக நகராட்சியிடம் பத்து அடி கூடுதல் உயரம் கேட்டு வாங்கி, மாடிகளை உயரமாக்கிப் பெரிய ஜன்னல்கள் வைத்தார்கள். குழாய், மின்கம்பி, தகடு எல்லாம் பழசாகும்; கழற்றி மாற்ற வேண்டும்; எலும்புக்கூட்டைத் தொடாமல் மாற்ற வேண்டும்.

அது ஏட்டளவில் நின்றுவிடவில்லை. திறந்தபோது அந்தக் கட்டடத்தின் மிகப் பெரிய பெருமை கழிவறைதான். ஆறு மாடிக்கும் சாக்கடை இணைப்பே இல்லாமல், நுரை ஊற்றிக் கழுவி, அடித்தளத்துப் பெட்டிகளில் எருவாக்கும் முறை. நாங்கள் போனபோதும் அதை மணிக்கணக்கில் விளக்கினார்கள். அப்பா மூக்கைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். சில ஆண்டுகள் ஓட்டிப் பார்த்தார்கள், பராமரிப்பது நினைத்ததைவிடக் கஷ்டம் என்று தெரிந்தது. பெட்டிகளை எடுத்துவிட்டு, கொஞ்சம் தண்ணீரோடு உறிஞ்சி இழுக்கும் கழிவறைகளை வைத்துச் சாக்கடையோடு இணைத்துவிட்டார்கள். தோற்றதை மறைக்காமல் ஏன் தோற்றது என்று எழுதியும் வைத்தார்கள். பத்திரிகைகள் கொண்டாடிய உறுப்பையே பிடுங்கி எறிந்தும் கட்டடம் பாட்டுக்கு நிற்கிறது. எனக்கு அந்தச் சூரியத் தகடுகளைவிட இது பெரிய விஷயமாகப் பட்டது.

ஆனால் 250 வருஷம் முடிந்தபின்? அதைத்தான் அப்பா கேட்டார்.

சுற்றிக் காட்டி முடித்து, கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றபோது கையைத் தூக்கினார். நான் பதறிப்போனேன். மச்சைக் காட்டி, "இதுல இத்தன ஆணி அடிச்சிருக்காங்களே, பின்னால ஒரு நாள் இந்த மரத்த எப்படி அறுப்பாங்க? ரம்பம் போயிருமே?" என்றார்.

மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல கேள்வி, என்னிடம் பதில் இல்லை என்றார்.

அப்பாவுக்கு இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு வாசல் நிலை பழைய மரம். எங்கோ இடித்த வீட்டிலிருந்து வந்த தேக்கு. பழைய மரக்கடையில் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, பேரம் பேசி வாங்கிப் போட்டார். வலது பக்கக் காலில் என் முழங்கால் உயரத்தில் ஒரு சதுரத் துளை இருந்தது. முன்னொரு பிறவியில் அதில் வேறொரு மரத்தின் கழுந்து, அதாவது துளைக்குள் நுழையும்படி செதுக்கிய முனை, இறங்கியிருந்திருக்கிறது. ஆசாரி அதை அடைத்துத் தருகிறேன் என்றதற்கு, கெடக்கட்டும் என்று அப்பா விட்டுவிட்டார். நான் அதில் புளியங்கொட்டை சேர்த்து வைப்பேன். துளையும் கழுந்துமாகக் கட்டிய வீட்டைத் தட்டிக் கழற்றினால் மரம் மரமாக வரும். ஆணி அடித்ததைக் கழற்றினால் விறகாகத்தான் வரும். மில்லில் ஒரு தடிக்குள் யாரோ எப்போதோ அடித்த ஒற்றை ஆணி ரம்பத்தின் பல்லைப் பெயர்த்த கதையை நூறு முறை கேட்டிருக்கிறேன். அன்றைக்கெல்லாம் மில் ஓடாது.

வீட்டுக்கு வந்து தேடினேன். அப்பா கேட்டதை இந்தத் தொழிலில் வேறு பலரும் கேட்டிருக்கிறார்கள். ஆணிக்குப் பதிலாகக் கடின மரத்தில் செய்த முளைகளை அறைந்து சட்டங்களை இணைக்கும் தளம் வந்துவிட்டது. வடக்கே எல்லை தாண்டியதும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலேயே செய்கிறார்கள். பசையும் இல்லை, இரும்பும் இல்லை, எந்த இடத்திலும் ரம்பம் வைக்கலாம். சூரிக்கில் ஷிகெரு பான் வடிவமைத்து 2013இல் முடிந்த தமீடியா ஊடக நிறுவனத்தின் ஏழு மாடி அலுவலகத்தில் தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் இரும்பே இல்லை. பீச் மரத்தில் கடைந்த முளைதான் பூட்டுகிறது. அதன் படத்தை அப்பாவிடம் காட்டினேன். போனை வாங்கி, மரங்கள் சேரும் இடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "கழுந்து" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அன்று இரவு இரண்டு முறை அந்தப் படத்தைத் திரும்பக் கேட்டு வாங்கினார்.

ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் பேசினோம். மழை, மின்வெட்டு, சித்தி மகள் கல்யாணம் எல்லாம் முடிந்து வைக்கப் போகும்போது, "ஏட்டி, ஒண்ணு கேக்க மறந்துட்டேன்" என்றார்.

"என்னப்பா?"

"அந்த மச்சுல ஆணி எத்தன இஞ்சிக்கு ஒண்ணு அடிச்சிருக்காங்கன்னு கேட்டு வச்சியா?"

"கேக்கலையேப்பா."

"கேளு. ஆணி எங்க இருக்குன்னு தெரிஞ்சா நடுவுல அறுத்துறலாம்."